மேலே பூசுவதா, கொத்தி எடுப்பதா

கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மொட்டை மாடி ஒழுகுகிறது என்ற புகாரும் அந்த மூன்று மாதங்களில்தான் கிளம்புகிறது. உட்கூரையில் ஈரத்திட்டு தெரியும், பூச்சு பொரியும், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி நீர் கோத்து நிற்கும். உடனே கொத்தனாருக்கு ஆள் போகும். ஆனால் அந்த வேலையைத் தொடவே கூடாத காலம் அது. ஆகவே ஒரு சமாதான ஏற்பாடு நடக்கிறது. மழை இரண்டு நாள் விட்டதும் தளத்தைக் கூட்டிப் பெருக்கி, விரிசல்களில் சிமெண்ட் பால் ஊற்றி, மேலே வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். தை பிறந்ததும் ஒழுக்கு நின்றுவிடும். பெயிண்ட் வேலை செய்தது என்று வீட்டுக்காரர் நம்புவார். உண்மையில் நின்றது மழை. நெல்லிக்குப்பத்துத் தளங்களையும் அவற்றின்மேல் வேலை செய்கிறவர்களையும் பார்த்ததில் என் கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. ஒழுகும் பழைய தளத்தின்மேல் எதைப் பூசினாலும் அது தவணை வாங்குவதுதான். பழைய சுருக்கியைக் கீழே கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுத்து, காயவிட்டு, வாட்டம் பிடித்துப் புதிதாகப் போடுவதற்குத்தான் தளத்தை மாற்றுவது என்று பெயர்.

இதைச் சொல்வதற்கு முன் நம் மொட்டை மாடியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் அடியில். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, ஏறக்குறைய 3 அங்குலம். பொறியாளர்கள் இதை வெதரிங் கோர்ஸ் என்பார்கள். தமிழகப் பொதுப்பணித் துறையின் வேலை விவரங்களில் 32-க்கு 12½ என்ற கணக்கில், மணல் சேர்க்காமல், ஜல்லியும் சுண்ணாம்பும் மட்டும் கலக்கச் சொல்லியிருக்கும். அதற்கும் மேலே 9 அங்குலச் சதுரத் தட்டோடு, சந்துகளில் செங்காவி கலந்த சிமெண்ட் கலவை. பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்குப் பதில் கட்டைக்குத்து ஒட்டு இருக்கும்: மர உத்திரங்களின்மேல் சிறு செங்கல்களைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. மேல்பக்கத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் முறை ஒன்றுதான். இந்த அடுக்குகளில் எதுவுமே தண்ணீரை முழுசாகத் தடுக்கிற பொருள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடு கொஞ்சம் குடிக்கும், சந்து கொஞ்சம் விடும், சுருக்கி அதை வாங்கி வைத்துக்கொண்டு வெயிலில் திருப்பிக் கொடுக்கும். மீதியெல்லாம் சரிவில் ஓடிக் குழாயில் இறங்கிவிட வேண்டும். வாங்குவதும் ஓடுவதும் ஒழுங்காக இருக்கும்வரை தளம் ஒழுகாது.

கொத்தி எடுக்கும் வேலை நடக்கிற தளத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், பூச்சு ஏன் பலிப்பதில்லை என்பது புரிந்துவிடும். மே மாத வெயிலில், மழை விட்டு ஐந்து மாதம் ஆன தளத்தில், தட்டோட்டின் மேல்முகம் கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. கடப்பாரை நுனியை ஓட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் ஓடு ஒட்டிக்கொள்ளாமல் முழுசாகப் பெயர்ந்து வருகிறது. அதன் அடிமுகம் கறுத்து ஈரமாக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள ஜல்லியைக் கையில் அள்ளிப் பிசைந்தால் செம்மண் சேறுபோல விரலில் ஒட்டும். சுண்ணாம்பு கரைந்து போய்விட்டது; ஜல்லியைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஓட்டின்மேல் மூன்று நிறங்களில் பெயிண்ட் அடுக்கு உரிந்து தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு மழைக்காலத்துக் கணக்கு. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் போகப்போக ஈரம் கூடுகிறது, மழைநீர்க் குழாயின் வாயருகே சொதசொதவென்று ஆகிறது. சித்தாள்கள் ரப்பீஸைப் பாண்டில் அள்ளி இறக்கும்போது, காய்ந்த பகுதியின் பாண்டையும் ஓரத்துப் பாண்டையும் தலையில் வாங்குகிற பெண்களுக்கே எடை வித்தியாசம் தெரிகிறது. ஈரம் எங்கே நிற்கிறது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மேஸ்திரிகள் அவர்களிடம் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

பழைய சுருக்கிக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்கையில் மேலே நீர் புகாத படலம் ஒன்றை ஒட்டினால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது வெளியே போக வழியில்லாமல் அடைபடும். வெயில் ஏறினால் அந்த நீர் ஆவியாகிப் படலத்தை அடியிலிருந்து தள்ளும். அங்கங்கே கொப்புளம் எழும்பும், கால் பட்டால் உடையும், அடுத்த மழைக்கு அந்த ஓட்டை போதும். மீதி ஈரம் கீழ்நோக்கிக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, உட்கூரைக் காரையைப் பிளந்து தள்ளிவிடும். பனி பெய்யும் நாடுகளில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் தட்டைக் கூரைக்குள் ஈரம் வருவதற்கு மழை ஒன்று மட்டும் காரணமல்ல. சூடேற்றிய வீட்டுக்குள்ளிருந்து மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்த கூரையில் பட்டு நீராகி, வெப்பத்தடை அடுக்கில் தங்கிவிடுகிறது. அதனால் அங்கே நீராவியைத் தடுக்கும் படலத்தை வெப்பத்தடைக்குக் கீழே, வீட்டுப் பக்கமாகப் போடுகிறார்கள். ஆனால் கூரையை மாற்றும் விதியில் அவர்களும் நாமும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டடவிதித் தொகுப்பு, பழைய கூரை மூடல் நீரில் ஊறியிருந்தால் அதன்மேல் புதியது போடக் கூடாது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்கிறது. ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தாலும் மூன்றாவது ஏறக் கூடாது. நெல்லிக்குப்பத்தின் மூன்று நிற பெயிண்டை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படிக்கலாம்.

ஈரம் ஏன் தங்கியது என்ற கேள்விக்கு விடை வாட்டத்தில் இருக்கிறது. அதே தொகுப்பு, புதிய தட்டைக் கூரைக்கு 48-க்கு 1 என்ற சரிவைப் பொதுவாகக் கேட்கிறது. அதாவது 10 அடி நீளத்துக்கு 2½ அங்குல இறக்கம். பழைய கூரையை மாற்றும்போது அவ்வளவு சரிவு கிடைக்காவிட்டாலும், மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட வேண்டும் என்பது கட்டாயம். நம்மூரில் அதைவிடக் குறைந்த சரிவிலேயே போட்டுப் பழகியிருக்கிறார்கள். அதுவும் கட்டும்போது பிடித்த வாட்டம். பிறகு தண்ணீர்த் தொட்டி வைத்து, துணி துவைக்கும் கல் போட்டு, சூரிய வெந்நீர்க் கருவிக்குத் தூண் எழுப்பி, குழாய் வாயைச் சுற்றிப் பெயிண்டும் சிமெண்டும் தடித்துப்போய், அந்தச் சரிவு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. நீரின் அளவை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையை 1,000 சதுர அடித் தளத்தில் கணக்கிட்டால் 44,000 லிட்டருக்கு மேல் வருகிறது. ஏழெட்டுத் தண்ணீர் லாரி கொள்ளும் நீர், இரண்டு மூன்று குழாய் வாய்கள் வழியாக இறங்கியாக வேண்டும். வாய் அரை அங்குலம் உயர்ந்து நின்றாலே தளம் குளமாகிவிடும். பெயிண்ட் அடிப்பவர் வாயைத் தாழ்த்துவதில்லை, தாழ்த்தவும் முடியாது. பழைய சுருக்கியை எடுத்தால்தான் அது சாத்தியம். நல்ல மேஸ்திரி முதல் நாள் கரண்டியையே எடுப்பதில்லை. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை இருவர் இரு மூலையில் பிடித்து, சுவரில் மட்டம் குறித்து, அங்கிருந்து ஒவ்வொரு குழாய் வாய்க்கும் எவ்வளவு இறக்கம் என்று நூல் கட்டி, இடையிடையே புள்ளி வைத்துக்கொள்வார். அந்தப் புள்ளிகள் வைக்கும் நேரத்தில்தான் தளத்தின் விதி தீர்மானமாகிறது.

வாட்டத்துக்கு அடுத்தது சந்திப்பு. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் ஒழுக்குகளில் பெரும்பகுதி தொடங்குகிறது. கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். 10 மீட்டர் தளம், இரவுக்கும் நண்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 3 மில்லிமீட்டர். வெயிலைத் தளம் வாங்குகிற அளவு சுவர் வாங்குவதில்லை, ஆகவே இரண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த மூலை இழுபடுகிறது. அங்கே கூர்மையான செங்கோணமாகப் பூசியிருந்தால் முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் விழும். சுருக்கியைச் சுவரோரம் கால்வட்டமாக உயர்த்தி, சுவரின் பூச்சுக்குள் ஒரு காடி வெட்டி, அதற்குள் கொண்டுபோய் முடிப்பது பழைய முறை. இப்போதும் அதைத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள், யாரும் அதற்குத் தனியாகக் கூலி கொடுப்பதில்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள். சதுர அடி விலையில் மூலைக்கு இடமில்லை.

சுண்ணாம்பா சிமெண்டா என்பது அடுத்த சர்ச்சை. இதில் ஏக்கம் கலந்து பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை என்றாலும், பழைய முறைக்குப் பின்னால் இருந்த காரணத்தை ஒதுக்க முடியாது. சுட்ட செங்கல்லில் உள்ள களிமண், சுண்ணாம்போடு ஈரத்தில் வினைபுரிந்து மெதுவாக இறுகும். சிமெண்ட் ஜல்லியைப் போல ஒரேயடியாகக் கெட்டிப்பட்டுச் சுருங்கி விரிசல் விடாது. தளத்தின் தினசரி அசைவுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் அது தானாக நடப்பதில்லை. நீற்றிய சுண்ணாம்பும் ஜல்லியும் கலந்து புளிக்க வைக்க வேண்டும். பரப்பியபின் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் தெளிக்க வேண்டும். கட்டை பட்டால் தழும்பு விழாமல் எகிற ஆரம்பிக்கும்போதுதான் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைத்து வைக்க வேண்டும். அடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எப்போது போதும் என்று காதாலும் மணிக்கட்டாலும் அறிந்தவர்கள் அவர்கள். ஆனாலும் கூலிக் கணக்கில் கடைசிவரை சித்தாளாகவே இருந்தார்கள், கொத்தனார் ஆனதில்லை. இந்த நாட்கணக்கான அடிக்கூலியைத் தவிர்க்கத்தான் சிமெண்ட் ஜல்லி வந்தது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பல், அனல்மின் நிலையங்களின் துணைப்பொருளாகச் செங்கல் செய்யக் கிடைப்பதால், சுட்ட செங்கல்லின் இடத்தைச் சாம்பல் செங்கல் பிடித்துவருகிறது. சுவருக்கு அது நல்ல கல். அதை உடைத்துச் சுண்ணாம்புச் சுருக்கிக்கு ஜல்லியாக்கினால், சுட்ட களிமண் செய்த வேலையை அதே மாதிரி செய்யும் என்று எடுத்துக்கொண்டுவிட முடியாது. ஜல்லி எதிலிருந்து வந்தது என்று கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்ளும் மேஸ்திரியிடம் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

எதிர்ப்பக்கத்து வாதங்களில் வலுவானது இது: கடுக்காய்க் காலம் போய்விட்டது, இன்று தார் கலந்த ஷீட்டுகள், ரப்பர்த்தன்மை கொண்ட திரவப் பூச்சுகள் என்று நல்ல பொருள்கள் வந்துவிட்டன, பிறகு எதற்குக் கொத்த வேண்டும்? பொருள்கள் நல்லவைதான், அதை மறுக்கவில்லை. கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டும் ஷீட், காய்ந்த, சுத்தமான, வாட்டம் உள்ள கான்கிரீட்டில் பல ஆண்டு தாங்கும். அந்தப் பொருளைத் தயாரிப்பவர்களே அடிப்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். எனவே புதிய பொருளைப் பயன்படுத்துவதானால் அதன் இடம் சுருக்கிக்குக் கீழே, கான்கிரீட்டின் நேர் மேலே. மேலே வரும் சுருக்கியும் ஓடும் அதை வெயிலிலிருந்தும், கால்மிதியிலிருந்தும், வடகம் காயப்போட இழுக்கும் கட்டில் காலிலிருந்தும் காக்கும். குளிர்நாடுகளிலும் படலத்தைக் கீழே போட்டு, வெப்பத்தடையையும் சரளைக் கல்லையும் அதன்மேல் பரப்பும் முறை நெடுநாளாக இருக்கிறது. பனியும் வெயிலும் மாறிமாறித் தாக்குவதிலிருந்து படலம் தப்புகிறது. ஆக, புதிய பொருள் இருப்பதே கொத்தி எடுப்பதற்கு இன்னொரு காரணம் ஆகிறது.

கொத்தினால் தளம் அதிரும், விரிசல் கூடும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேக்கர் மிஷினைக் கொடுத்து ஒரே நாளில் முடிக்கச் சொன்னால் அது நடக்கும். கட்டைக்குத்து ஒட்டுத் தளத்தில் மிஷின் வைப்பது கூடவே கூடாது. குத்துச் செங்கல் கழன்றால் உத்திரங்களுக்கு நடுவே ஓட்டை விழும், ஆளும் விழலாம். உளியும் சிறு கடப்பாரையும் கொண்டு, ஓரத்திலிருந்து உள்ளே, அடுக்கைக் கிடைவாக்கில் நெம்பி எடுப்பதே முறை. ஏற்கெனவே உளுத்த சுருக்கி அப்படி எளிதாகவே வந்துவிடும். வர மறுத்து இறுகி நிற்கிற இடம் நன்றாக இருக்கிற இடம் என்று பொருள். உட்கூரையில் கம்பி வெளியே தெரிகிற அளவுக்குக் காரை விழுந்திருந்தால் மேல்பக்க வேலை எதுவும் பயனில்லை, முதலில் கட்டமைப்புப் பொறியாளரைத்தான் பார்க்க வேண்டும்.

கொத்தாமல் மேலேயே இன்னொரு வரிசை ஓடு பதித்துவிடுவதும் இப்போது பரவுகிறது, குறிப்பாக வெள்ளை நிறக் கூல் டைல். எடைக் கணக்கு இதற்கு எதிராக இருக்கிறது. ஓடும் கலவையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தர விதிகள் ஒதுக்கும் சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆட்கள் வந்து போகிற சுமைக்காக வைத்த இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரந்தரமாக ஓட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். வெள்ளைக் கூரை சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. தெலங்கானா 2023-ல் அதற்கென ஒரு கொள்கையே அறிவித்தது. வெயிலுக்கான மருந்து அது. ஊறிய சுருக்கியைப் புதைத்து மூடுவதற்கு அதைச் சாக்காக்க வேண்டாம்.

கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது பணத்தில். 1,000 சதுர அடித் தளத்தின் பழைய சுருக்கி மட்டுமே 12 டன்னுக்கு மேல் இருக்கும். அதைப் பெயர்த்து, தலையில் சுமந்து இறக்கி, வண்டி வைத்து அப்புறப்படுத்தும் கூலி பெயிண்ட் டின்னின் விலையோடு ஒப்பிடக் கூடியதல்ல. ஆனால் ஒப்பீடே தவறு. மூன்று மழைக்காலத்துக்கு மூன்று முறை அடித்த பெயிண்டும், ஒவ்வொரு முறையும் உள்ளே மறுபடி பூசிய பூச்சும், நனைந்து கெட்ட ஒயரிங்கும் ஒரு பக்கம் சேர்க்கப்பட வேண்டும். இன்னொரு செலவை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை, அது வேலை செய்பவர்களுடையது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கென வசூலிக்க வழி செய்தது. ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலைக்கு அதில் விலக்கு அளித்தது. தளம் மாற்றும் வேலை எல்லாம் அந்த விலக்குக்குள் அடங்குவதுதான். நீள வெயிலில் 12 டன்னைத் தலையில் இறக்கியவர்களுக்கு அந்த வேலையிலிருந்து நிதிக்கு ஒரு காசும் போய்ச் சேராத அமைப்பு இது. சதுர அடிக்கு இவ்வளவு என்று முடிவான ஒப்பந்தத்தில் கொத்துவதும் சுமப்பதும் காயவிடுவதும் காணாமல் போய்விடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்புக்குத்தான் விலை. தன் லாபத்தைத் தேட வேண்டிய மேஸ்திரி எதைக் குறைப்பார் என்று சொல்லவே வேண்டியதில்லை. கொத்துவதற்குத் தனி விலை, வாட்டம் பிடிப்பதற்குத் தனி விலை, மூலைக்கு அடிக்கணக்கில் தனி விலை என்று பிரித்து எழுதிக் கேட்கும் வீட்டுக்காரருக்கு மொத்தத் தொகை கூடத்தான் செய்யும். ஆனால் எதற்குக் கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

நெய்வேலி நகரியத்தில் வட்டம் வட்டமாக வரிசைக் குடியிருப்புகள். அங்கே வீட்டுக்கு வீடு தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை, ஒரு வரிசைக்கே கோடையில் நாள் குறிக்கும் வசதி ஒரே உடைமையாளருக்கு உண்டு. நெல்லிக்குப்பத்தில் ஒவ்வொருவரும் தனி ஆள், மழை சொன்ன பிறகுதான் மாடி நினைவுக்கு வரும். மொத்தத்துக்கும் ஒரே ஆண்டில் பணம் புரட்ட முடியாதவர் தளத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் எங்கே பிரிப்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. அறைகளின் கணக்கில் பிரித்தால், பழைய பாதியில் ஊறிய நீர் கான்கிரீட்டின்மேல் நகர்ந்து புதிய பாதிக்கு அடியில் வந்து சேரும். இரண்டு குழாய் வாய்கள் இருந்தால், தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து போகும் முகட்டுக் கோட்டில்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கோட்டில் கான்கிரீட்டோடு ஒட்டிய ஒரு சிறு சிமெண்ட் வரம்பு கட்டிவிட்டு, அதிகம் ஒழுகும் பாதியை மாசி பங்குனியில் தொடங்கினால் மற்றது அடுத்த கோடைவரை காத்திருக்கும். புதிய பாதியில் ஓடு பதிக்கும் முன்பே குழாய் வாயைத் துணி சுற்றி அடைத்து, தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். கீழே ஒழுகினால் அப்போதே தெரியும். திறந்துவிட்ட பிறகு எங்கே தேங்குகிறது என்பதும் தெரியும், மேஸ்திரியும் இன்னும் தளத்தில்தான் நிற்பார்.